மார்ச் மாதத் திவசம்

மார்ச் பிறந்தால் போதும். லண்டன், பாரிஸ், நியூயார்க் ஓவியக்கூடங்களுக்குத் திடீரென்று காது முளைத்துவிடுகிறது. பதினோரு மாதம் 'சத்தம் போடாதீர்கள்' என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள் மகளிர் தினத்துக்காக ஊதா நிறத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கிறார்கள். பெண் இசைப் படைப்பாளர்களின் மாலை. நேரடி இசை. அனுமதி இலவசம், நன்கொடை வரவேற்கப்படும். ஊதா மட்டும் கட்டாயம். பெண்கள் என்றால் ஊதா என்று எங்கோ ஒரு கமிட்டி கூடி முடிவெடுத்துவிட்டது.

அந்த மாலையும் வருகிறது. வாடகைப் பியானோ ஒன்று. மடக்கு நாற்காலிகள் ஐம்பது. முன்வரிசை நாற்காலிகளில் 'ஒதுக்கப்பட்டது' என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. புரவலர்களுக்காம். புரவலர்கள் வருவதில்லை. காகிதம்தான் கச்சேரி கேட்கிறது. இயக்குநர் ஐந்து நிமிடம் பேசுவதாகச் சொல்லி இருபத்தைந்து நிமிடம் பேசுகிறார். நூற்றாண்டுகளின் மௌனத்தை இன்று உடைக்கிறோம் என்கிறார். அவர் உட்கார்ந்தால்தானே உடையும்?

பிறகு நிகழ்ச்சி. 12-ஆம் நூற்றாண்டின் கன்னிமாடத் தலைவி ஹில்டெகார்டில் தொடங்கி, போன வருஷம் கல்லூரி முடித்த பெண் வரைக்கும் எழுபது நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள். ஒன்பது நூற்றாண்டு. இடையில் ஒயின் இடைவேளை வேறு. இவர்களுக்குள் பொதுவானது என்ன? மொழி இல்லை, காலம் இல்லை, பாணி இல்லை. எல்லோரும் பெண்கள். அவ்வளவுதான். பாக், வாக்னர், ஸ்டிராவின்ஸ்கி மூவரையும் ஒரே மேடையில் ஏற்றி 'ஆண் இசைப் படைப்பாளர்களின் மாலை' என்று யாராவது போடுவார்களா? போடுகிறார்கள். அதற்குக் கச்சேரி என்று பெயர். வருஷம் முழுக்க நடக்கிறது. டிக்கெட்டும் உண்டு.

வருஷத்துக்கு ஒரு நாள். பெயர் சொல்லி அழைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அடுத்த வருஷம் வரை தொந்தரவு இல்லை என்று கையைக் கழுவிக்கொள்வது. நம் ஊரில் இதைத் திவசம் என்போம். திவசத்திலாவது பிண்டம் உண்டு.

இசையைக் குறை சொல்லவில்லை. இசை பிரமாதம். எரிச்சலே அதில்தான். இசைக்கென்றே கட்டிய மண்டபங்கள் ஊர் ஊராக இருக்கும்போது இந்த இசை ஏன் படங்களுக்கு நடுவில் மடக்கு நாற்காலியில் வந்து உட்கார வேண்டும்? மண்டபத்தில் இடம் கொடுக்கவில்லை, அதனால்தான். டொன்னே என்கிற லண்டன் அமைப்பு, இசைக்குழுக்கள் என்ன வாசிக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவருகிறது. 2021-22 பருவத்தில் 31 நாடுகளின் 111 இசைக்குழுக்களை எண்ணினார்கள். பெண்கள் எழுதியது 7.7 சதவீதம். நூற்றுக்கு எட்டைத் தொடவில்லை. மீதியில் பெரும்பகுதி, காலமாகிவிட்ட வெள்ளைக்கார ஆண்கள் எழுதியது. உயிரோடிருக்கும் பெண்ணைவிடச் செத்துப்போன ஆணுக்கு அங்கே மவுசு அதிகம்.

ஆகவே ஓவியக்கூடம். அது இசைக்காகக் கட்டியது கிடையாது. பளிங்குத் தரை, எட்டாத கூரை. வயலினின் ஒரு சுரம் எதிர்ச்சுவரில் முட்டித் திரும்புவதற்குள் அடுத்த மூன்று சுரங்கள் கிளம்பிவிடுகின்றன. நடுவழியில் எல்லாம் கட்டிப்புரள்கின்றன. வேகமான பகுதி வந்தால் வெறும் இரைச்சல். காவலாளியின் ஷூ கிறீச்சிடுகிறது. லிஃப்ட் மணியடிக்கிறது. காதில் ஒலிவழிகாட்டி மாட்டிய சுற்றுலாக் குடும்பம் ஒன்று, பியானோவுக்கும் பார்வையாளருக்கும் நடுவில் புகுந்து கழிப்பறைக்கு வழி கேட்கிறது. மெதுவான பகுதி உருகி உச்சத்துக்குப் போகும்போது ஒலிபெருக்கி உறுமுகிறது: அன்பளிப்புப் பொருள் கடை இன்னும் பதினைந்து நிமிடத்தில் மூடப்படும்.

மறுநாள் விமர்சகர் எழுதுகிறார்: படைப்பில் தெளிவு போதவில்லை.

சரி, காதுக்கு வாய்த்தது இது. கண்ணுக்கு? சுவரைப் பாருங்கள். கெரில்லா கேர்ள்ஸ் என்ற குழு 1989-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குள் போய் எண்ணியது. நவீன ஓவியப் பிரிவில் பெண் ஓவியர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே. நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள். துணியோடு வரைய வந்தால் இடமில்லை. துணியில்லாமல் படுத்தால் தங்கச் சட்டம். கணக்கைப் போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். இன்று அந்தப் போஸ்டரையே பெரிய மியூசியங்கள் வாங்கி மாட்டி வைத்திருக்கின்றன. செருப்படி வாங்கி, அந்தச் செருப்பைக் காட்சிக்கு வைக்கிற திறமை எல்லோருக்கும் வராது.

லண்டன் நேஷனல் கேலரி 1824-ல் தொடங்கியது. 2018-ல் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியரின் சுயஓவியம் ஒன்றை 36 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. நல்ல காரியம். வாங்கிய கையோடு கணக்குப் பார்த்தால், 2,300-க்கும் மேற்பட்ட ஓவியங்களில் பெண்கள் வரைந்தவை ஏறக்குறைய இருபது. இருநூறு வருஷம் தேடி இருபது. பத்து வருஷத்துக்கு இரண்டு என்றுகூட வரவில்லை.

ஆனால் அதே கேலரியில் பெண்களுக்கும் இசைக்கும் பஞ்சமே இல்லை. வெர்மீர் வரைந்த இரண்டு பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஒருத்தி விர்ஜினல் என்ற பழைய கட்டை வாத்தியத்தின் முன்னால் நிற்கிறாள், இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். விரல்கள் கட்டைமேல். முகம் நம்மைப் பார்த்து. முந்நூற்றைம்பது வருஷமாக வாசிக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. ஓவியக்கூடம் விரும்புகிற பெண் இசைக் கலைஞர் இப்படித்தான் இருக்க வேண்டும். சன்மானம் கேட்க மாட்டார். ஒத்திகைக்கு அறை கேட்க மாட்டார்.

இதைவிடக் கொடுமை டிரெஸ்டனில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு வெனிஸில் பார்பரா ஸ்ட்ரோஸ்ஸி என்று ஒருவர் வாழ்ந்தார். பாடகி, இசை எழுதுபவர். 1644-லிருந்து 1664-க்குள் தன் பெயரில் எட்டுத் தொகுதிகள் அச்சிட்டார். அந்தக் காலத்து வெனிஸில் அவ்வளவு அச்சேற்றிய ஆண்களே குறைவு. அவர்தான் என்று பலரும் நம்புகிற ஓர் உருவப்படம் டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் தொங்குகிறது. பெர்னார்டோ ஸ்ட்ரோஸ்ஸி வரைந்தது. கையில் வயோலா ட காம்பா. பக்கத்தில் இசைத்தாள் விரிந்திருக்கிறது. மேலாடை நழுவி மார்பு தெரிகிறது. பார்க்கிறவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டுமா? அவர் தாசியா இல்லையா என்று அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். எட்டுத் தொகுதியில் என்ன எழுதினார் என்று திருப்பிப் பார்ப்பதற்கு முந்நூறு வருஷம் பிடித்தது. உடம்பு மாளிகையில். இசை பரணில்.

இப்போது பரணில் ஏறி இறக்கிவிட்டார்கள். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கண்டுபிடிப்பு'. அழைப்பிதழில் தவறாமல் வரும்: மறக்கப்பட்ட மேதைகள், தொலைந்த குரல்கள், மீண்டும் கண்டெடுத்த பொக்கிஷம். மறந்தது யார்? தொலைத்தது யார்? வாக்கியத்தில் எழுவாயே இல்லை. திருடியவனே தேடிக்கொடுத்துவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறான்.

ஃபானி மெண்டல்சோனை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்லினில் வசதியான குடும்பம். தம்பி ஃபெலிக்ஸும் அக்காவும் ஒரே ஆசிரியரிடம் படித்தார்கள். ஃபானிக்குப் பதினான்கு வயதானபோது அப்பா கடிதம் எழுதினார்: தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டும்தான் இருக்க முடியும். அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. நானூறுக்கு மேல் எழுதினார். தம்பியின் 8-ஆம், 9-ஆம் பாடல் தொகுதிகளில் ஆறு பாடல்கள் அக்காவுடையவை. அட்டையில் தம்பி பெயர். 1842-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போன ஃபெலிக்ஸ் முன்னால் விக்டோரியா மகாராணி தனக்குப் பிடித்த பாடலைப் பாடினார். அது ஃபானியுடையது. தம்பி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பூமியில் கால்வாசியை ஆண்டவருக்கே பாட்டு யாருடையது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டது ஒரு குடும்பம்.

தன் பெயரிலேயே அச்சேற்றலாம் என்று ஃபானி துணிந்தது 1846-ல். மறு வருஷம் மே மாதம், வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கான ஒத்திகையில் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 41. ஒத்திகை தம்பியின் படைப்புக்கு.

கதை அதோடு முடியவில்லை. 1828-ல் அவர் எழுதிய 'ஈஸ்டர் ஸொனாட்டா' காணாமல் போயிற்று. 1970-ல் பிரான்ஸில் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. மேலே 'எஃப். மெண்டல்சோன்' என்று இருந்தது. எஃப் என்றால் யார்? யோசிக்கவே இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கிறதே, ஃபெலிக்ஸாகத்தான் இருக்கும். அந்தப் பெயரிலேயே இசைத்தட்டும் வந்தது. 2010-ல் ஏஞ்செலா மேஸ் என்ற ஆய்வாளர் கையெழுத்தையும் பக்க எண்களையும் ஒப்பிட்டு, இது அக்காவுடையது என்று நிறுவினார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் ஃபானியின் பெயரோடு அதை வாசித்து வானொலியிலும் ஒலிபரப்பினார்கள். தேதி 2017, மார்ச் 8. வேறு எந்தத் தேதி?

இப்போது வழக்கமான வக்கீல்கள் எழுந்து நிற்பார்கள். இதெல்லாம் தரம் சம்பந்தப்பட்டது, ஆண் பெண் பார்ப்பதில்லை, நல்லதாக இருந்தால் நாங்களே வாசிப்போமே என்பார்கள். இந்தத் 'தரம்' என்கிற சொல்லைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கிறது. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரியை உலகமே டி.வி.யில் பார்க்கிறது. ஸ்ட்ராஸ் குடும்பத்தார் நடன விருந்துகளுக்காக எழுதித் தள்ளிய போல்காக்கள் வருஷா வருஷம் மாறி மாறி வரும். வேட்டைக்கு ஒரு போல்கா, ரயிலுக்கு ஒரு போல்கா, ஊர்வம்புக்கு ஒரு போல்கா. இனிமையானவைதான், யார் இல்லை என்றது? தரத்தை எடைபோட்டுத் தராசில் தேறியதாகச் சொல்லாதீர்கள், போதும். பழக்கம், அவ்வளவே. அந்தக் கச்சேரி தொடங்கியது 1939-ல். ஒரு பெண்ணின் படைப்பு முதல்முறையாக அதில் ஒலித்தது 2025-ல். கான்ஸ்டன்ஸ கைகரின் ஒரு வால்ட்ஸ். அதை எழுதும்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. எண்பத்தைந்து வருஷம் வாசலில் நிற்கவைத்துவிட்டு, உள்ளே விடும்போதும் சிறுமியாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள்.

இந்த இசைக்குழுவே ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது 1997-ல்தான். அன்னா லெல்கெஸ், ஹார்ப் வாசிப்பவர். இருபது வருஷத்துக்கும் மேலாக அவர்களோடு வாசித்துக்கொண்டிருந்தவர். அத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்திருந்தவரை அதுவரை அவர்கள் உறுப்பினராகக் கருதவில்லை. அப்போதும் மனம் மாறியா ஏற்றார்கள்? அரசு மானியம் போய்விடும், அமெரிக்கப் பயணத்தில் வாசலில் பதாகையோடு நிற்பார்கள் என்று பயம். காசுக்குக் கேட்கிற காது தரத்துக்குக் கேட்காது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஒபேரா இன்னும் பொறுமைசாலி. எதல் ஸ்மைத் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் ஒபேராவை அங்கே 1903-ல் அரங்கேற்றினார்கள். அதுவும் மார்ச் மாதம்தான். அடுத்த பெண்ணின் ஒபேரா, பின்லாந்தின் கையா சாரியாஹோவுடையது, 2016 டிசம்பரில். நூற்றுப் பதின்மூன்று வருஷம். நடுவில் இரண்டு உலகப் போர் நடந்து முடிந்தது. மனிதன் நிலாவுக்குப் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தான். இவர்களுக்கு மட்டும் இன்னொரு பெண் அகப்படவில்லை.

ஸ்மைத் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாக்குரிமைப் போராளிகளுக்கு அணிவகுப்புப் பாட்டு எழுதினார். 1912-ல் மந்திரி வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து ஹாலோவே சிறைக்குப் போனார். முற்றத்தில் கைதிகள் பாட்டைப் பாடிக்கொண்டு நடக்க, இவர் அறை ஜன்னலில் நின்று பல் துலக்கும் பிரஷ்ஷால் தாளம் காட்டியதாக, பார்க்கப் போன இசை நடத்துநர் தாமஸ் பீச்சம் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து, 1914 மார்ச் 10 அன்று, அதே இயக்கத்தின் மேரி ரிச்சர்ட்சன் நேஷனல் கேலரிக்குள் வெட்டுக்கத்தியோடு நுழைந்தார். வெலாஸ்கெஸின் நிர்வாண வீனஸை வெட்டிக் கிழித்தார். முந்தின நாள் இயக்கத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டைக் கைது செய்ததற்குப் பதிலடி. ஆறு மாதம் சிறை. கேலரி கதவைச் சாத்திக்கொண்டது. பிரிட்டிஷ் மியூசியமோ, பொறுப்பானவர் யாராவது உத்தரவாதம் கொடுத்தால்தான் பெண்களை உள்ளே விடுவோம் என்றது. ஓவியத்தைக் கிழித்தது தப்புதான். ஆனால் ஒன்று. வரைந்த வீனஸின் முதுகில் விழுந்த கீறலுக்குக் கண்ணீர் விட்ட தேசம், உண்ணாவிரதம் இருந்த பெண்களின் மூக்கில் குழாய் செருகிக் கஞ்சி ஊற்றியபோது கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று மியூசியக் கடைகளில் அந்தப் போராட்டத்தின் ஊதா, வெள்ளை, பச்சையில் துணிப்பை கிடைக்கிறது. தேநீர்க் கோப்பையும் கிடைக்கிறது.

கடை என்றதும் காசு நினைவுக்கு வருகிறது. பெண்களின் இசையை வாசிக்க வருகிற இளம் கலைஞர்களிடம் இப்படிப்பட்ட இடங்களில் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: பட்ஜெட் இல்லை, ஆனால் நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஒயினுக்குப் பட்ஜெட் உண்டு. ஊதா அழைப்பிதழுக்கு உண்டு. புகைப்படக்காரருக்கு உண்டு. வாசிக்கிறவருக்கு வெளிச்சம். அந்த மேடையில் லூயிஸ் ஃபராங்க் எழுதியதை வாசித்தால்தான் வேடிக்கை. 1842-ல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பியானோப் பேராசிரியை ஆனவர். ஆண் பேராசிரியரைவிடச் சம்பளம் குறைவு. 1850-ல் ஒன்பது வாத்தியங்களுக்கு அவர் எழுதிய நோனெட் அரங்கேறிப் பெயர் வாங்கியது. அதே சூட்டோடு போய்ச் சம சம்பளம் கேட்டார். கொடுத்தார்கள். 1850-ல் அந்த அம்மாள் வாங்கியதை, அவர் இசையை வாசிக்கிற பெண்ணுக்கு இன்றைக்குக் கொடுக்கக் கையில்லை.

ஓவியக்கூடத்தில் ஒழுங்காக இசை நடத்தவே முடியாதா? நடத்தியிருக்கிறார்கள். அதே நேஷனல் கேலரியில். 1939-ல் போர் வந்ததும் படங்களை எல்லாம் பத்திரப்படுத்த வெளியூர் அனுப்பிவிட்டார்கள். லண்டனில் கச்சேரி அரங்குகள் இருட்டு. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ், காலிச் சுவர்களுக்கு நடுவில் மதியக் கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். இயக்குநர் கென்னத் கிளார்க் சரி என்றார். அக்டோபர் 10 அன்று தொடங்கியது. கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டு விழுந்தால் அடித்தளத்துக்குப் போய் வாசித்தார்கள். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். எட்டு லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள். வாசித்தவர்களுக்குச் சன்மானம் உண்டு. ஹெஸ் தனக்கென்று வாங்கவில்லை. வாசித்ததில் பெரும்பங்கு மொஸார்ட், பீத்தோவன், பாக்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு பெண் முன்னின்று நடத்தி, வாரத்தில் ஐந்து நாள், ஆறரை வருஷம் தொடர்ந்து நடந்தது. அது மகளிர் தினத்துக்கு நடக்கவில்லை. தினமும் நடந்தது.

தலையில் குண்டு விழும்போது 1,698 முடிந்தது. இன்று குளிரூட்டிய கூடத்தில், புரவலர்கள், அறக்கட்டளைகள், அரசு மானியம், ஆலோசகர்கள், அந்த ஆலோசகர்களுக்கு ஆலோசகர்கள் என எல்லாம் இருந்தும் ஒன்றுதான் முடிகிறது. அதுவும் மார்ச்சில்.

கிளாரா ஷூமனின் முகத்தை ஜெர்மனி தன் நூறு மார்க் நோட்டில் அச்சடித்தது. யூரோ வரும்வரை பையில் வைத்துச் செலவழித்தார்கள். அவர் எழுதிய பியானோ ட்ரையோவை அதே ஊர்க்காரர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஃப்ளோரன்ஸ் ப்ரைஸின் சிம்பனியைச் சிகாகோ இசைக்குழு 1933-லேயே வாசித்தது. பெரிய இசைக்குழு ஒன்று வாசித்த முதல் கறுப்பினப் பெண்ணின் சிம்பனி அது. பத்து வருஷம் கழித்து, தான் பெண் என்பதும் கறுப்பினம் என்பதும் தனக்குள்ள இரண்டு ஊனங்கள் என்று பாஸ்டன் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு எழுதினார். அந்த நடத்துநரோ ப்ரைஸின் இசையை வாசிக்கவே இல்லை. 2009-ல் இல்லினாய் மாநிலத்தில் ஓர் இடிந்த வீட்டைப் பழுதுபார்க்கப் போனவர்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தைப் பார்த்தார்கள். ப்ரைஸின் கையெழுத்துப் பிரதிகள். கூரையில் ஓட்டை விழுந்திருந்தது. அதையும் 'கண்டுபிடிப்பு' என்றுதான் எழுதினார்கள்.

அழைப்பிதழ் உங்களுக்கும் வரும். லண்டன், பாரிஸ், டொராண்டோவில் இருக்கிற தமிழர்களின் மின்னஞ்சலுக்கு வருஷா வருஷம் வருகிறது. அவசியம் போங்கள். ஃபானியைக் கேளுங்கள், ஃபராங்கைக் கேளுங்கள், ஸ்ட்ரோஸ்ஸி பாட்டு இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். காகிதம் ஒட்டிய முன்வரிசையிலேயே உட்காருங்கள், காகிதம் ஒன்றும் சொல்லாது. முடிந்ததும் இயக்குநர் மைக்கைப் பிடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்பார். எழுந்து நின்று கேளுங்கள். வாசித்த பெண்ணுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? இந்தச் சுவரில் பெண்கள் வரைந்தது எத்தனை? இதே ஸொனாட்டாவை நவம்பரில் எந்த மண்டபத்தில் கேட்கலாம்? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.